முப்பத்தெட்டு வயதில் பாட ஆரம்பித்தால் குரல் இனிமையாகுமா?

உங்கள் கேள்வியை நான் எப்படிப் புரிந்துகொண்டேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். வயது 38. எட்டு மாதமாக ஆன்லைனில் கர்நாடக சங்கீதம் கற்கிறீர்கள். சரளி, ஜண்டை, மேல் ஸ்தாயி வரிசை என்ற ஆரம்பப் பாடங்கள் எல்லாம் தாண்டி இப்போது அலங்காரம் நடக்கிறது. சுருதி ஓரளவு நிற்கிறது, தாளம் தப்புவதில்லை என்று ஆசிரியர் சொல்கிறார். ஆனால் மொபைலில் பதிவு செய்து கேட்டால் குரல் மெலிசாக இருக்கிறது, மூக்கால் பாடுவது போலிருக்கிறது, மேலே போனால் கத்துகிற மாதிரி ஆகிவிடுகிறது. குரல் இனிமை பிறவியிலேயே வருவதா, இந்த வயதில் மாறுமா, என்ன சாப்பிடலாம், என்ன பயிற்சி செய்யலாம் என்று நான்கு கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். அடியில் இருப்பது ஒரே கேள்விதான் என்று தோன்றுகிறது: இதற்கு மேல் மெனக்கெடுவதில் பிரயோஜனம் உண்டா? உண்டு. ஆனால் பெரும்பாலானவர்கள் எந்த இடத்தில் மெனக்கெடுகிறார்களோ அந்த இடத்தில் அல்ல.

நான் திருச்சியில் வாய்ப்பாட்டு சொல்லிக்கொடுக்கிறேன். என்னிடம் வருகிறவர்களில் பாதிக்கு மேல் வேலைக்குப் போகிறவர்கள், பிள்ளைகளை வளர்த்து முடித்தவர்கள், ஓய்வு பெற்றவர்கள். நான் மருத்துவர் இல்லை. உங்கள் குரலையும் கேட்டதில்லை. எழுத்தில் விவரித்ததை வைத்துச் சொல்வதற்கு ஓர் எல்லை இருக்கிறது. ஆனாலும் நீங்கள் சொன்ன மூன்று குறைகளும் வளர்ந்த பிறகு பாட வருகிறவர்களிடம் நான் திரும்பத் திரும்பக் கேட்பவை. அதனால் தைரியமாகவே எழுதுகிறேன்.

பிறவியில் வருவது எது என்று பார்ப்போம். குரல்வளைக்குள் இருக்கும் குரல்நாண்களின் நீளம், தடிமன், தொண்டைக்குழாயின் அளவு, அண்ணம், பல்வரிசை, தாடை எலும்பின் வடிவம். இவை உங்கள் குரலை உங்கள் குரலாக்குகின்றன, போனில் 'ஹலோ' என்றதும் அம்மா கண்டுபிடிப்பது இவற்றால்தான். இவற்றைப் பயிற்சியால் மாற்ற முடியாது. ஆனால் ஒலி உண்டாகும் விதம் வேறு கதை. குரல்நாண்கள் ஒன்றையொன்று எவ்வளவு இறுக்கமாகத் தொடுகின்றன, காற்று எவ்வளவு கசிகிறது, நாக்கின் அடிப்பகுதி பின்னால் போய்த் தொண்டையை அடைக்கிறதா, மெல்லண்ணம் மேலே எழுந்து மூக்குப் பாதையை மூடுகிறதா, வாய் எவ்வளவு திறக்கிறது. இவையெல்லாம் பழக்கம். மெலிசு, மூக்கு, கத்தல் என்று நீங்கள் எழுதிய மூன்றுமே பெரும்பாலும் இந்த இரண்டாவது வகையில் சேர்பவை. அதனால் உங்கள் குரலுக்கு எதையும் புதிதாகச் சேர்க்கத் தேவையில்லை என்பது என் கணிப்பு. மேலே ஏறி உட்கார்ந்திருக்கிற சில பழக்கங்களைக் கழற்றினால் போதும்.

அதில் முதலாவது உங்கள் பழக்கமே கிடையாது. சுருதி. எந்தக் கட்டையில், அதாவது அடிப்படை 'ச'-வை எந்த உயரத்தில் வைத்துப் பாடுகிறீர்கள் என்று நீங்கள் எழுதவேயில்லை. அதுவே எனக்குச் சந்தேகம் தருகிறது. ஆன்லைன் வகுப்பாக இருந்தாலும் நேர் வகுப்பாக இருந்தாலும், ஐந்தாறு பேர் சேர்ந்து கற்கும்போது எல்லோருக்கும் ஒரே சுருதிதான். பெண்கள் என்றால் ஐந்து அல்லது ஐந்தரைக் கட்டை, அதாவது ஆசிரியருக்கு எது வசதியோ அது. பத்து வயதுக் குழந்தைக்கு அது சரியாக இருக்கும். நாற்பதை நெருங்குகிற எல்லாப் பெண்களுக்கும் இருக்காது.

ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். வங்கி அதிகாரி, நாற்பதைத் தாண்டியவர். பள்ளிக்கூட நாட்களில் கீதம் வரை கற்றுவிட்டு, பிறகு படிப்பு, வேலை, கல்யாணம் என்று விட்டுப்போய், பல வருடம் கழித்துத் திரும்பி வந்தார். வந்ததும் தன் சுருதிப்பெட்டியை ஐந்தரையில் வைத்தார். சின்ன வயதில் அதுதான் பாடியது. மேல் ஸ்தாயி வரிசை பாடச் சொல்லிவிட்டு அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தைவதம் வரை ஒன்றுமில்லை. நிஷாதத்தில் புருவம் ஏறியது. தார சட்ஜமத்தில், அதாவது மேல் 'ச'-வில், முகவாய் மேலே போனது, கழுத்தில் இரண்டு கோடுகள் புடைத்தன, உதடுகள் இரு பக்கமும் இழுபட்டன. சுருதி சரியாகத்தான் இருந்தது. கேட்கத்தான் முடியவில்லை. நாலரைக்கு இறக்கி அதே வரிசையைப் பாடச் சொன்னேன். முகவாய் அதே இடத்தில் நின்றது. தார சட்ஜமம் உருண்டு வந்தது. அவருக்கு மட்டும் திருப்தி இல்லை. "கீழே பாடினா ஆம்பிளைக் குரல் மாதிரி இருக்கு டீச்சர்" என்றார். இரண்டையும் பதிவு செய்து போட்டுக் காட்டிய பிறகுதான் ஒத்துக்கொண்டார்.

இது அவர் ஒருவரின் விஷயம் இல்லை. வயது ஆக ஆக, குறிப்பாக மாதவிடாய் நிற்கும் காலத்தை ஒட்டி, பல பெண்களின் குரல் கொஞ்சம் தாழும். இருபதில் பொருந்திய சுருதி ஐம்பதில் பொருந்தாமல் போவது இயல்பு. அரைக்கட்டை இறக்கினால் கௌரவக் குறைச்சல் என்று நினைப்பவர்களை நிறையப் பார்க்கிறேன். ஒலிபெருக்கி வருவதற்கு முன்பு, நாடக மேடையிலிருந்து கடைசி வரிசை வரை கேட்க வேண்டும் என்பதற்காக உச்சத்தில் பாடினார்கள். நாடக நடிகரும் பாடகருமான எஸ். ஜி. கிட்டப்பாவின் பெயர் இன்றும் அதற்காகவே நினைக்கப்படுகிறது. மைக் வந்ததும் ஆண்களின் சுருதி பொதுவாகக் கீழே இறங்கியது. கர்நாடக இசைப் பாடகர் எம். டி. ராமநாதன் மிகத் தாழ்ந்த சுருதியில், நிதானமாகப் பாடியே தனக்கென்று ரசிகர்களைச் சேர்த்தார். உங்கள் வீட்டு ஹாலில் கடைசி வரிசை என்று எதுவும் இல்லை.

சரி, உங்கள் சுருதியைக் கண்டுபிடிப்பது எப்படி? கதை கேட்கும்போது நாம் 'ம்... ம்...' என்று கொட்டுகிறோமே, அந்த 'ம்' எந்த உயரத்தில் வருகிறது என்று கவனியுங்கள். அது ஒரு தோராயமான ஆரம்பப்புள்ளி. ஐந்து கட்டை என்பது 196 ஹெர்ட்ஸ். பெண்கள் சாதாரணமாகப் பேசும் குரல் 200 ஹெர்ட்ஸை ஒட்டி இருப்பதால், சட்ஜமம் பேச்சிலிருந்து வெகுதூரம் தள்ளிப்போகாமல் இருப்பதுதான் முறை. அப்புறம் இரண்டு முனைகளையும் பாருங்கள். கீழே மந்தர பஞ்சமம் (கீழ் ஸ்தாயி 'ப') காற்றாகப் போய்விடாமல், மெதுவாகவாவது, ஒலியாகக் கேட்க வேண்டும். மேலே தார காந்தாரத்தை (மேல் ஸ்தாயி 'க') முகவாயைத் தூக்காமல் தொட முடிய வேண்டும். இரண்டும் நடக்கிற கட்டை எதுவோ அதுதான் இப்போதைக்கு உங்களுடையது. பெண்களுக்கு அது நாலிலிருந்து ஆறுக்குள் எங்காவது அமையும், ஆண்களுக்கு ஒன்றை ஒட்டி, சிலருக்கு அதற்கும் கீழே. மொபைலின் சுருதிச் செயலியில் கால் கட்டை அளவுக்கு நகர்த்தும் வசதி இருந்தால் அதையும் பயன்படுத்துங்கள். ரொம்பவும் இறக்கிவிடாதீர்கள். கீழே போகப் போக வசதியாக இருப்பது போலத் தோன்றும், ஆனால் குரல்நாண்கள் சரியாகச் சேராமல் ஒலி மங்கிவிடும். ஆசிரியரிடம் கேட்காமல் மாற்ற வேண்டாம். வகுப்பில் அவர் சுருதியிலும், வீட்டுச் சாதகத்தில், அதாவது பயிற்சியில், உங்கள் சுருதியிலும் பாடலாமா என்று கேளுங்கள். பெரும்பாலான ஆசிரியர்கள் சம்மதிப்பார்கள்.

மேல் ஸ்தாயி பற்றி இங்கேயே ஒன்று. நம் சம்பிரதாயத்தில் பெண்களும் பெரும்பாலும் பேச்சுக்குரலின் கனத்தோடேயே மேலே போகிறார்கள். மேலே போகும்போது குரலை மெலிதாக்கினால் 'கள்ளக்குரல்' என்று கண்டிக்கிற ஆசிரியர்கள் உண்டு. சின்ன வயதிலிருந்து பழகிய தொண்டைக்கு அது சரி. முப்பத்தெட்டில் ஆரம்பித்தவர் தார சட்ஜமத்துக்கு மேலே போகும்போது அதே கனத்தைத் தூக்கிக்கொண்டு போனால் கத்தலில்தான் முடியும். மேலே போகப் போக ஒலியைக் குறைத்து, லேசாகப் பாடப் பழகுங்கள் என்றுதான் நான் சொல்வேன். இதில் மாற்றுக் கருத்து உள்ளவர்கள் இருக்கிறார்கள். உங்கள் ஆசிரியரும் அவர்களில் ஒருவராக இருக்கலாம்.

அடுத்தது வாய். இதைக் கொஞ்சம் நுணுக்கமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் சரளி வரிசையே இதில் ஒரு வலையை விரித்துவைத்திருக்கிறது. ஏழு ஸ்வர எழுத்துகளில் ச, க, ம, ப, த ஐந்தும் அகரத்தில் முடிகின்றன. ரி, நி இரண்டும் இகரம். இகரம் சொல்லும்போது பேச்சில் நாம் உதட்டைப் பக்கவாட்டில் இழுக்கிறோம், நாக்கு மேலே எழும்புகிறது, வாய்க்குள் இடம் சுருங்குகிறது. எட்டு மாதமாகத் தினமும் 'ச ரி க ம' பாடினால் ஒவ்வொரு தடவையும் ரி வரும்போது குரல் மெலிந்து, க வரும்போது திரும்பவும் திறக்கிறது. அடுத்து ம. அது உதட்டை மூடி மூக்கு வழியாக ஒலிக்கிற எழுத்து. நி-யும் மூக்கெழுத்துதான். ம சொல்லி முடித்து அகரத்துக்கு வந்த பிறகும் மூக்குப் பாதை திறந்தே இருந்தால் அந்த அகரமும் மூக்கிலேயே ஒலிக்கும். உங்கள் பதிவை எடுத்து வைத்துக்கொண்டு, ரி, ம, நி மூன்றையும் மற்ற நான்கோடு ஒப்பிட்டுக் கேளுங்கள். மெலிசும் மூக்கும் அங்கேதான் குவிந்திருக்கும் என்று கிட்டத்தட்ட பந்தயமே கட்டுவேன்.

இதற்குப் பழைய மருந்தே போதும், அகார சாதகம். முதல் சரளியை விளம்ப காலத்தில் (மெதுவாக), ஸ்வர எழுத்து சொல்லாமல் முழுக்க ஆகாரத்தில், அதாவது 'ஆ' என்றே பாடுங்கள். பாடும்போது இரண்டு காதுக்கும் முன்னால் தாடை மூட்டில் விரல் வைத்துப் பாருங்கள். தாடை கீழே இறங்குவது விரலுக்குத் தெரிய வேண்டும். வாயை அகலமாக விரிப்பதைவிடத் தாடையைத் தொங்கவிடுவதுதான் முக்கியம். ஆகாரத்தில் ஒலி ஒரே மாதிரி ஓடுகிறது என்று ஆன பிறகு அதே வரிசையை ஸ்வர எழுத்துகளில் பாடுங்கள், ஆனால் வாய்க்குள் ஆகாரத்துக்கு இருந்த இடத்தை விட்டுக்கொடுக்காமல் ரி-யையும் நி-யையும் சொல்லுங்கள். உதடு இழுபடக்கூடாது, நாக்கு மட்டும் வேலை செய்யட்டும். ஆரம்பத்தில் ரி கொஞ்சம் 'ரு' போலக் கேட்கும். பரவாயில்லை, சில நாளில் தெளிவாகிவிடும். அதன் பிறகு இகாரம், உகாரம், ஏகாரம், ஓகாரம் என்று போகலாம். அவசரம் இல்லை.

மூக்குக்கு ஒரு சோதனை. வசதியான ஒரு ஸ்வரத்தில் 'ஆ' என்று கார்வை கொடுத்து, அதாவது நிறுத்தாமல் நீட்டிக்கொண்டே, இரண்டு விரலால் மூக்கைப் பிடித்துப் பிடித்து விடுங்கள். ஒலி மாறினால் காற்று மூக்கு வழியாகப் போகிறது என்று அர்த்தம். மாறாவிட்டால் அந்த 'ஆ' சுத்தம். 'ம்' என்று பாடிக்கொண்டே இதைச் செய்யாதீர்கள், அது மூக்கொலியேதான், பிடித்தால் நின்றுவிடும். சோதனையில் ஒலி மாறுகிறது என்றால், கொட்டாவி வருவதற்கு ஒரு நொடி முன்னால் வாயின் பின்பக்கம் மேலே தூக்குகிறதே, அந்த உணர்வோடு 'ஆ' பாடிப் பாருங்கள். இல்லாவிட்டால் 'கா, கா, கா' என்று மெதுவாகத் தொடங்குங்கள். ககரம் சொல்ல மெல்லண்ணம் மூடித்தான் ஆக வேண்டும், அந்த மூடலிலிருந்தே ஆகாரம் பிறக்கும். இன்னொன்றும் இருக்கிறது. சோதனையில் ஒலி மாறாமலேயே மூக்கால் பாடுவது போலக் கேட்கிற குரல்கள் உண்டு. அங்கே பெரும்பாலும் தொண்டை இறுகியிருக்கும், நாக்கின் அடி பின்னுக்குத் தள்ளியிருக்கும். அதற்கு மருந்து மூக்கில் இல்லை, சுருதியை இறக்குவதிலும் சத்தத்தைக் குறைப்பதிலும் இருக்கிறது.

மூச்சைப் பற்றி உங்களுக்கு இதுவரை நூறு பேர் அறிவுரை சொல்லியிருப்பார்கள். 'நாபியிலிருந்து பாடு', 'வயிற்றிலிருந்து குரல் வரணும்'. நிச்சயமாகச் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: காற்று நுரையீரலிலிருந்து வருகிறது. மூச்சை இழுக்கும்போது உதரவிதானம் கீழே இறங்குவதால் வயிறு முன்னால் வருகிறது. தோளைத் தூக்கி மூச்சிழுத்தால் கழுத்துத் தசைகள் இறுகும், அந்த இறுக்கம் குரலில் கேட்கும். அதனால் தோள் ஏறாமல் மூச்செடுப்பது நல்லது. அதற்கு மேல், வயிற்றை எப்படி வைத்துக்கொள்ள வேண்டும் என்பதில் பாட்டு ஆசிரியர்களுக்குள்ளேயே ஒற்றுமை இல்லை. ஒருவர் உள்ளே இழு என்பார், ஒருவர் வெளியே தள்ளு என்பார், இரண்டு பேரின் மாணவர்களும் நன்றாகவே பாடுவார்கள். ஆகவே அதில் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். பிராணாயாமம் செய்தால் குரல் இனிக்கும் என்பதும் அப்படித்தான். செய்தால் கெடுதல் இல்லை. ஆனால் பாடாமல் பிராணாயாமம் மட்டும் செய்து குரல் மாறியவரை நான் பார்த்ததில்லை.

மூச்சின் அளவைவிட ஸ்வரம் தொடங்குகிற கணத்தைத்தான் நான் அதிகம் கவனிப்பேன். ஆகாரத்தைப் பலர் தொண்டையில் ஒரு சின்ன 'டிக்' சத்தத்தோடு தொடங்குவார்கள். குரல்நாண்கள் முதலில் இறுக மூடிக்கொண்டு, பிறகு காற்று அதை உடைத்துக்கொண்டு வருகிற சத்தம் அது. வேறு சிலர் முதலில் காற்றை விட்டுவிட்டுப் பிறகு ஒலியைச் சேர்ப்பார்கள். முதல் வகைக் குரல் கடினமாக, நெருக்கிப் பிடித்தது போலக் கேட்கும். இரண்டாவது வகை புகைந்தது போல இருக்கும், மூச்சும் சீக்கிரம் தீர்ந்துவிடும். நடுவில் வர, முதலில் 'ஹா' என்று லேசாகத் தொடங்கிப் பாடுங்கள். பிறகு அந்த ஹகரத்தை மனதில் மட்டும் வைத்துக்கொண்டு 'ஆ' பாடுங்கள். ஒரு ஸ்வரத்துக்குப் பத்துத் தடவை போதும். ரொம்பச் சின்ன விஷயம் போலத் தோன்றும். ஆனால் தொடக்கம் சரியானால் அந்தக் கார்வை முழுக்கப் பெரும்பாலும் சரியாகிவிடுகிறது.

நம் குருமார்கள் சொல்லாத ஒரு பயிற்சியையும் சேர்த்துச் சொல்கிறேன். ஸ்ட்ரா. கூல்டிரிங்ஸ் குடிக்கிற சாதாரண ஸ்ட்ராவை உதட்டில் வைத்து, காற்று பக்கத்தில் எங்கும் கசியாமல், அதன் வழியாக 'ஊ' என்று ஒலி கொடுங்கள். கீழ் சட்ஜமத்திலிருந்து மேல் சட்ஜமத்துக்கு வழுக்கிக்கொண்டே போய்த் திரும்பி வாருங்கள். இரண்டு மூன்று நிமிடம். பிறகு ஸ்ட்ராவை எடுத்துவிட்டு உடனே ஆகாரம் பாடுங்கள். பெரும்பாலானவர்களுக்கு அந்த நிமிடமே குரல் இலகுவாக வருவது தெரியும். வாய்ப்பக்கம் பாதி அடைபட்டிருப்பதால் குரல்நாண்களுக்கு மேலேயும் காற்றழுத்தம் கூடுகிறது. அதனால் அவை ஒன்றோடொன்று மோதும் வேகம் குறைந்து, குறைந்த முயற்சியிலேயே அதிர்கின்றன. இங்கோ டிட்ஸே என்ற அமெரிக்கக் குரல் விஞ்ஞானி இதை விளக்கிப் பரப்பியவர்களில் முக்கியமானவர். பேச்சு மொழிச் சிகிச்சையாளர்களும் இதைப் பயன்படுத்துகிறார்கள். உடனடி இலகு உண்மை. இதையே வருடக்கணக்கில் செய்தால் குரல் நிரந்தரமாக இனிக்கும் என்று மட்டும் நான் சொல்ல மாட்டேன். சாதகத்துக்கு முன் உடம்பைத் தளர்த்துகிற வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஸ்ட்ரா கையில் இல்லாவிட்டால் வாயை மூடி 'ம்' என்று ரீங்காரமிடுவதும் ஓரளவுக்கு இதே வேலையைச் செய்யும்.

சாதகத்தை எப்படி அமைப்பது? ஒரு மணி நேரம் ஒரே மூச்சில் உட்கார்வதைவிட, காலையில் இருபது நிமிடம், மாலையில் இருபது நிமிடம் மேல். வளர்ந்தவர்களின் தொண்டை நாள் முழுக்கப் பேசிக் களைத்திருக்கிறது. போன், மீட்டிங், குழந்தையை அதட்டுவது எல்லாமே அதன் கணக்கில்தான் ஏறுகிறது. காலையில் மந்தர ஸ்தாயியில் ஆரம்பியுங்கள். விடியற்காலைச் சாதகத்தால்தான் குரல் பலப்படும் என்று நம் மரபு அடித்துச் சொல்கிறது. தூங்கி எழுந்ததும் குரல் தாழ்ந்திருப்பது எல்லோரும் அறிந்தது, அதனால் மந்தரம் அப்போது எளிதாகப் பிடிபடும். விடியற்காலைக்கு அதைத் தாண்டிய ஒரு சக்தி உண்டு என்று நான் வாதாட மாட்டேன். உங்களுக்கு இரவு எட்டு மணிதான் கிடைக்கும் என்றால் இரவு எட்டு மணியே நல்ல நேரம். மூன்று காலங்களில் (வேகங்களில்) மூன்றாவதை இப்போதைக்கு ஓரங்கட்டுங்கள். வேகத்தில் குரலின் தன்மையைக் கவனிக்க முடியாது. ச, ப, மேல் ச மூன்றிலும் நீண்ட கார்வைகள் பாடுங்கள், தம்புராவோடு. சத்தம் பக்கத்து அறைக்குக் கேட்டால் போதும், பக்கத்து வீட்டுக்கு வேண்டாம்.

தம்புரா விஷயத்தில் ஒரு வேண்டுகோள். மொபைலின் சொந்த ஸ்பீக்கரில் தம்புரா செயலியைப் போடாதீர்கள். அந்தச் சின்ன ஸ்பீக்கரில் கீழ் ஒலிகள் வருவதே இல்லை, 'ஞொய்' என்ற கீச்சு மட்டும் வரும், நம் குரலும் அதோடு போட்டி போட்டுக் கீச்சிடும். ஒரு சுமாரான புளூடூத் ஸ்பீக்கர் போதும். நன்றாகச் சேர்ந்த தம்புராவில் மந்தர சட்ஜமத் தந்தியிலிருந்து யாரும் மீட்டாத அந்தர காந்தாரம் தானாக எழும்பும், காது கொடுத்தால் கேட்கும். அது கேட்கத் தொடங்கியதும் உங்கள் கார்வை அந்த நாதத்துக்குள் கரைகிறதா, மேலே துருத்திக்கொண்டு நிற்கிறதா என்பதும் கேட்கும். குரல் கரைகிற இடத்தில் பாடினால் சுருதியும் இனிமையும் சேர்ந்தே சரியாவதைப் பலரிடம் பார்த்திருக்கிறேன்.

உங்கள் பதிவுகளைப் பற்றி. நம் குரல் நமக்குக் காற்று வழியாக மட்டும் கேட்பதில்லை, மண்டையோட்டு எலும்பு வழியாகவும் கேட்கிறது. எலும்பு கீழ் ஒலிகளைக் கூட்டித் தருகிறது. பதிவில் அந்தப் பங்கு இல்லை. அதனால்தான் உலகத்தில் எல்லோருக்கும் தன் பதிவு மெலிசாகக் கேட்கிறது, உங்களுக்கு மட்டும் அல்ல. இதோடு மொபைலின் வேலைகளும் சேரும். பல போன்கள் பதிவு செய்யும்போதே இரைச்சலை நீக்குகின்றன, சத்தத்தைத் தானாக ஏற்றி இறக்குகின்றன. ஒரே மாதிரி நீளும் ஒலியை இரைச்சல் என்று எடுத்துக்கொள்ளும் மென்பொருளுக்குக் கார்வையும் தம்புராவும் மின்விசிறிச் சத்தமும் ஒன்றுதான். ஜூமில் வகுப்பு என்றால் ஒலி அமைப்புகளில் இசைக்கலைஞர்களுக்கான 'ஒரிஜினல் சவுண்ட்' என்ற வசதி இருக்கிறது, அதைப் போட்டுக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகுதான் ஆசிரியருக்கு உங்கள் குரல் உண்மையாகக் கேட்கும். வாட்ஸ்அப் குரல் செய்தியை வைத்துக் குரல் தன்மையை எடைபோடாதீர்கள். போனை வாய்க்கு நேராக இல்லாமல் கொஞ்சம் பக்கவாட்டில், இரண்டு மூன்று அடி தள்ளி, மெத்தையும் துணிமணியும் இருக்கிற அறையில் வைத்துப் பதிவு செய்யுங்கள். எப்போதும் அதே இடம், அதே தூரம். குளியலறையில் குரல் தேனாகக் கேட்பது ஓடுகளின் உபயம், அதை நம்ப வேண்டாம்.

சாப்பாட்டுக்கு வருகிறேன், சுருக்கமாக. பனங்கற்கண்டு, மிளகு, தேன், அதிமதுரம், சித்தரத்தை இவை தொண்டையை இதமாக்கும். ஆனால் விழுங்கும் எதுவும் குரல்நாண்களைத் தொடுவதில்லை, தொட்டால் புரையேறிவிடும். ஆகவே இவற்றால் குரலின் தன்மை மாறும் என்று எதிர்பார்க்க வேண்டாம். அதிமதுரத்தை நாள்தோறும் அளவில்லாமல் எடுத்தால் ரத்த அழுத்தம் ஏறக்கூடும், பிரஷர் உள்ளவர்கள் தவிர்க்க வேண்டும். தண்ணீர் நாள் முழுக்கக் குடியுங்கள், பாடுவதற்கு ஒரு நிமிடம் முன்பு குடிப்பதில் பெரிய பலன் இல்லை. தயிர், ஐஸ் தண்ணீர் ஆகாது என்பதை எல்லோருக்குமான சட்டமாக நான் எடுத்துக்கொள்வதில்லை, உங்களுக்கு ஒத்துக்கொள்ளாவிட்டால் விடுங்கள். இரவு தாமதமாக வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு உடனே படுப்பதுதான் உண்மையில் கவனிக்க வேண்டியது. அமிலம் மேலேறித் தொண்டையை எரிச்சலாக்கினால் காலையில் குரல் கரகரக்கும். அப்போது அடிக்கடி கனைத்துக்கொண்டே இருந்தால் இன்னும் கெடும். கனைப்பதற்குப் பதில் எச்சிலை விழுங்குங்கள், அல்லது ஒரு வாய் தண்ணீர் குடியுங்கள்.

பாடும்போது வலித்தால் அன்றைக்கு நிறுத்துங்கள். சளி காய்ச்சல் இல்லாமல் குரல் கம்மி மூன்று வாரத்துக்கு மேல் சரியாகாவிட்டால், அல்லது முன்பு எளிதாக வந்த ஸ்வரங்கள் திடீரென்று வராமல் போனால், காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போய்க் குரல்வளையை உள்ளே பார்க்கச் சொல்லுங்கள். என்னிடம் வந்த ஒரு பள்ளி ஆசிரியைக்குக் குரலில் தீராத கரகரப்பு இருந்தது. பரிசோதனையில் குரல்நாண்களில் சிறு முடிச்சுகள் தெரிந்தன. பாட்டுப் பயிற்சியால் அது போகாது, பேச்சு சிகிச்சைக்குப் போய்ச் சரியான பிறகே மறுபடி பாட ஆரம்பித்தார். உங்கள் விவரத்தில் அப்படி எதுவும் தெரியவில்லை. ஆனாலும் எழுத்தை வைத்து அதை என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது.

எவ்வளவு நாளாகும் என்றால், என் அனுபவத்தில் சுருதியை மாற்றிய பலன் அன்றைக்கே தெரியும். மூக்கொலியும் ரி, நி மெலிவும் கவனித்துப் பாடினால் சில வாரங்களில் குறையும். பாட்டில் சாகித்யம் (பாட்டு வரிகள்), தாளம், கமகம் (ஸ்வரங்களின் அசைவு) எல்லாம் சேரும்போது பழைய பழக்கம் திரும்பி வரும், அதை வெல்ல மாதங்கள் ஆகும். பிருகாக்கள், அதாவது அதிவேக ஸ்வரக் கோவைகள், பொரிந்து விழுவது, மூன்று ஸ்தாயியிலும் ஒரே கனம் என்பவை இந்த வயதில் தொடங்கியவர்களுக்குச் சுலபமாக வருவதில்லை. சிலருக்கு வராமலே போகலாம். சங்கீத வித்வான் செம்மங்குடி சீனிவாச ஐயரின் சாரீரம் (குரல்) இடக்குப் பண்ணியதையும் அவர் சாதகத்தால் அதை வசப்படுத்தியதையும் எல்லோரும் உங்களுக்கு எடுத்துச் சொல்வார்கள். உண்மைதான், ஆனால் அவர் சிறுவயதிலேயே தொடங்கி முழு வாழ்க்கையையும் அதற்குக் கொடுத்தவர். நாற்பது நிமிடச் சாதகத்துக்கு அதை அளவுகோலாக வைப்பது உங்களுக்கும் நியாயமில்லை, அவருக்கும் நியாயமில்லை.

இந்த வாரமே செய்யக்கூடியது: இப்போது பாடும் கட்டையில் ஒரு முறை, அதிலிருந்து அரைக்கட்டை இறக்கி ஒரு முறை, ஒரு கட்டை இறக்கி ஒரு முறை, முதல் சரளியை விளம்பத்தில் ஆகாரமாகவும் ஸ்வரமாகவும் பாடிப் பதிவு செய்யுங்கள். எந்தப் பதிவு எந்தக் கட்டை என்று சொல்லாமல் உங்கள் ஆசிரியரிடமோ பாட்டு தெரிந்த ஒரு நண்பரிடமோ கேட்கக் கொடுங்கள். அவர்கள் எதைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று இங்கே எழுதினால், அடுத்து எதைக் கவனிக்கலாம் என்று சொல்கிறேன்.